கொடைக்கானலும் ரயில் யோசனையும்

கோடை வந்துவிட்டால் கொடைக்கானல் மலைப்பாதையில் மோட்டார் வண்டிகள் எறும்புச் சாரிபோல் நிற்கின்றன. உல்லாசத்திற்காக ஏறுகிறவர்க்கு இது அரை நாள் அலுப்பு. மலையிலேயே வாழ்ந்து, நோயாளியை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர்க்கோ இது உயிர்ப் பிரச்னையாகும்.

சென்னை ஹைக்கோர்ட்டு விதித்த இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் உதகையிலும் கொடைக்கானலிலும் அமலுக்கு வந்தது. 2025-ஆம் வருஷத்துக் கோடைப் பருவத்தில், ஏப்ரல் 1 முதல், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வாரக்கடைசியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டப்பட்டது. உத்தரவு நியாயமானதே. ஆயினும் தடுப்பது பாதி வேலைதான். தடுக்கப்பட்டவர் எவ்விதம் மலையேறுவது என்பது மறு பாதி. அது சர்க்காரின் கடமை.

உதகையைப்போல் இங்கும் ரயில் விட்டால் நெரிசல் தீருமென்று பலர் எண்ணுவது இயற்கையே. நீலகிரி ரயில் 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டியது. அழகில் அதற்கு இணையில்லை. ஆனால் பல்சக்கரத்தின் துணையால் ஏறும் அச்சிறு வண்டி, 46 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக் கொள்கிறது. பெருங்கூட்டத்தைச் சுமக்க அது போதாது.

பல்சக்கரமில்லாத இலகு ரயிலோ எனில், கணக்கு வேறு விதம். கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. 25 அடிக்கு ஓரடி வீதம் ஏறுவதாக வைத்தாலும், 6,000 அடி ஏறுவதற்குச் சுமார் 45 கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். அது 2013-இல் சரணாலயமாக்கப்பட்ட காடுகளை ஊடறுக்க நேரும்.

பம்பாய் மாகாணத்தின் பழைய மலைவாசஸ்தலமாகிய மாதேரானில், வருகிறவர்கள் காரை ஊருக்கு வெளியே நிறுத்த வேண்டும். ஸ்விட்ஸர்லாந்தின் ஸெர்மாட்டுக்குச் செல்வோர் டேஷ் கிராமத்தில் காரை விட்டு ரயிலேறுகின்றனர். இரண்டு ஊர்களிலும் ரயில் உண்டு. எனினும் அவற்றைக் காத்தது ரயிலன்று. காரை எல்லையில் நிறுத்திய துணிவேயாகும்.

அத்துணிவுக்கு நாம் ரயிலை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. காருக்கு நால்வர் எனக் கொண்டால், 4,000 கார்களில் ஏறுவோர் 16,000 பேர். ஐம்பது பேர் அமரும் பஸ்ஸில் ஏற்றினால், 320 நடைகளில் அத்தனை பேரும் மலை சேர்வர். அரசு பஸ்களுக்கு இ-பாஸ் வரம்பும் இல்லை. கோர்ட்டு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

ஆதலின் நாம் கோருவது இதுதான்: வத்தலக்குண்டிலும் பழனி அடிவாரத்திலும் விசாலமான வண்டி நிறுத்தங்கள் அமையட்டும். கொடை ரோடு ஸ்டேஷனில் ரயில்கள் வரும் நேரத்தை அனுசரித்து பஸ்கள் புறப்படட்டும். ஆம்புலன்ஸுக்கும், மலைவாசிகளின் பஸ்ஸுக்கும், பூம்பாறைப் பூண்டு ஏற்றி வரும் லாரிக்கும் பாதையில் முதலிடம் கிடைக்கட்டும். இலகு ரயில் வேண்டுமாயின், கொடை ரோட்டிலிருந்து வத்தலக்குண்டு வரையுள்ள சமவெளியில் அதனை ஆராய்க.

ரயில் வருமென்று மேடையில் வாக்களிப்பது எளிது. அதற்குக் கெடு கிடையாது. பஸ்ஸுக்கு அடுத்த கோடையே கெடு. ஓட்டுக் கேட்டு வருவோரிடம் நம் ஜனங்கள் அக்கெடுவைப் பற்றியே கேட்பார்களாக.