மஞ்சள் பெட்டிக்கு முன்னும் பின்னும்

தேர்தல் என்பது பெட்டி வைக்கும் ஒரு நாளில் நடந்துவிடும் காரியம் என்று எண்ணுவோர் அநேகர். பெட்டி வைக்கும் நாள் அறுவடை நாள் மாத்திரமே; உழவும் விதைப்பும் அதற்கு வெகுகாலம் முன்பே முடிந்திருக்கும். சென்னை மாகாணத்தில் 1937-ம் வருஷம் பிப்ரவரி மாதம் நடந்த பொதுத் தேர்தலைப்பற்றிப் பேசுகிறவர்கள், 215 ஸ்தானங்களில் 159-ஐக் காங்கிரஸ் கைப்பற்றியது என்ற கணக்கைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறார்கள். அந்தக் கணக்கு எவ்விதம் விளைந்தது, அந்த வெற்றி ஜெயித்தவர்களின் தலைமீது ஏற்றிய பாரம் என்ன என்பவற்றைச் சிந்திப்பவர் சிலரே. அரசியல் ஊழியத்தில் இறங்கியிருக்கும் நமது வாசகர்களுக்கு இந்தச் சிந்தனை இன்றும் அவசியமானது என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1935-ம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை ஒழித்து, இலாகாக்களை மந்திரிகள் வசம் ஒப்புவித்தது. ஆனால் வரத்துக்குள்ளேயே சாபத்தையும் பொதிந்து வைத்திருந்தார்கள். 52-வது பிரிவு கவர்னருக்கு விசேஷப் பொறுப்புக்களை அளித்தது. அரசியல் முறைப்படி ஆட்சி நடத்த இயலாதென்று அவருக்குத் தோன்றினால் அதிகாரம் முழுவதையும் தாமே ஏற்றுக்கொள்ள 93-வது பிரிவு இடங்கொடுத்தது. சட்டசபையோ கூறு கூறாகப் பங்கிடப்பட்டிருந்தது. பொதுத் தொகுதிகள் 146. அவற்றுள் 1932-ம் வருஷத்துப் பூனா ஒப்பந்தத்தின் பயனாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டவை 30. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, பெண்களுக்கு 8; நிலச்சுவான்தார்கள், வர்த்தகர்கள், தொழிலாளர்கள் ஆகியோருக்குத் தலைக்கு 6; ஐரோப்பியருக்கு 3, ஆங்கிலோ இந்தியருக்கு 2; மிகுதி இரண்டில் ஒன்று சர்வகலாசாலைக்கு, மற்றொன்று பின்தங்கிய பிரதேசத்துக்கு. தேசத்தை ஒன்றாகப் பார்க்க விரும்பாத கண்கள் வரைந்த படம் இது.

இந்தச் சபைக்கு ஓட்டளிக்கும் உரிமை யாருக்கு இருந்தது? பட்டாதாரர், வரி செலுத்துவோர், எழுதப் படிக்கத் தெரிந்தோர் முதலானவர்களுக்கே இருந்தது. மாகாணத்து ஜனத்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் அவர்கள். முந்தைய சட்டசபைகளுக்கு ஓட்டளித்தவர்களுடன் ஒப்பிட்டால் இது பன்மடங்கு அதிகமே. ஆயினும் கூலிக்கு ஏர் பிடித்தவனும், நாற்று நட்டவளும், கையெழுத்தறியாத மற்றப் பாட்டாளிகளும் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்புவோம்.

எதிர்த்து நின்ற ஜஸ்டிஸ் கட்சியை வெறும் பதவி வேட்டைக் கூட்டமென்று தள்ளிவிடுவது நியாயமன்று. 1920-ல் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது மந்திரி பதவியேற்ற அக்கட்சி, 1926 முதல் 1930 வரை நீங்கலாக, மாகாண மந்திரி சபையை நடத்தி வந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை வழங்கும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபை 1921-ல் நிறைவேற்றியது அக்கட்சியின் காலத்தில்தான். உத்தியோகங்களில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு வேண்டுமென்ற கோரிக்கைக்கு உத்தரவு வடிவம் கொடுத்ததும் அதுவே. ஈ. வே. ராமசாமிப் பெரியார் இத்தேர்தலில் அக்கட்சியை ஆதரித்ததற்குக் காரணமும் இதுவே.

அப்படியிருந்தும் அது ஏன் மண்ணைக் கவ்வியது? 1930-க்குப் பின் உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கிஸ்தி அதற்கேற்ப விழவில்லை. குடியானவன் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், கட்சியின் தலைமை ஜமீன்தார்கள் கைக்குப் போயிற்று. 1932-ல் முதல் மந்திரியானவர் பொப்பிலி ராஜா. அவருடன் பிணங்கித் தனிக் கட்சி கண்டவர் பிட்டாபுரம் ராஜா. வரிச்சுமை தாங்காத விவசாயிக்கு இந்த இருவரில் எவர் வென்றால் என்ன? ஒரு கட்சி தான் பிறந்த காரணத்தை மறந்து, தான் இருக்கும் நாற்காலியையே காரணமாகக் கொள்ளும்போது, அதன் பழைய புண்ணியங்கள் அதைக் காப்பாற்றுவதில்லை.

காங்கிரஸின் விதைப்பு 1934-லேயே ஆரம்பித்துவிட்டது. அவ்வருஷம் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலில் ஸ்ரீ சத்தியமூர்த்தி, ஜஸ்டிஸ் கட்சியின் பெருந்தூண்களில் ஒருவரான ஸர் ஏ. ராமசாமி முதலியாரைச் சென்னை நகரில் தோற்கடித்தார். அதன்பின் ஸ்தல ஸ்தாபனங்களிலும் காங்கிரஸ் கால் ஊன்றியது. 1936 ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி தேர்தல் விஞ்ஞாபனத்தை அங்கீகரித்தது; அக்டோபரில் ஜவாஹர்லால் நேரு இம்மாகாணமெங்கும் சுற்றுப்பிரயாணம் செய்தார். ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளின் பாட்டு, மேடைப் பிரசங்கம் எட்டாத செவிகளையும் எட்டியது.

ஊர்வலமும் பாட்டும் கூட்டம் சேர்க்கும். கட்டுப்பாடே வெற்றி சேர்க்கும். கட்டுப்பாடு எளிதில் வந்துவிடவில்லை. 1936-ல் திருச்சி முனிசிபல் தலைவர் தேர்தல் விஷயமாகக் காங்கிரஸ்காரர்களுக்குள்ளேயே மூண்ட தகராறை முன்னிட்டு ராஜாஜி காங்கிரஸ் பொறுப்புக்களைத் துறந்து ஒதுங்கி, பிறகே திரும்பி வந்தார். சத்தியமூர்த்தி போட்டியிடுவதாயிருந்த சர்வகலாசாலைத் தொகுதி ராஜாஜிக்கு விடப்பட்டது. விட்டுக்கொடுத்தவர் பின்னர் அமைந்த மந்திரி சபையில் இடம் பெறவில்லை. ஆயினும் கட்சியை உடைக்க முனையவுமில்லை. டிக்கெட் கிடைக்காத மறுநாளே எதிர்ப் பாசறையில் காணப்படுகிறவர்கள் இதைச் சற்று நிதானித்துப் பார்ப்பது நலம்.

எழுத்தறியாத வோட்டருக்கு அபேட்சகரின் பெயர் அச்சிட்ட சீட்டு எதற்கு உதவும்? ஆகவே வர்ணப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காங்கிரஸின் பெட்டி மஞ்சள் பெட்டி. ‘மஞ்சள் பெட்டிக்கே ஓட்டு’ என்ற கோஷம் குக்கிராமங்களிலும் ஒலித்தது. கிஸ்தி கட்டும்போது ஜமீன் கச்சேரியில் கைகட்டி நின்றவன், பெட்டிக்கு எதிரில் தன் சீட்டுடன் தனியே நின்றான். பலன் என்ன? பொப்பிலியில் பொப்பிலி ராஜாவே ஸ்ரீ வி. வி. கிரியிடம் தோற்றார். ராமநாதபுரத்தில் சேதுபதி ராஜா ஸ்ரீ முத்துராமலிங்கத் தேவரிடம் தோற்றார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ஸ்ரீமதி ருக்மிணி லட்சுமிபதி சட்டசபையின் உப தலைவரானார்.

வென்றாயிற்று, அடுத்து என்ன? இங்கேதான் வழக்கின் முடிச்சு இருக்கிறது. இந்தச் சட்டத்தை நிராகரிக்கவே சட்டசபைக்குப் போகிறோம் என்று விஞ்ஞாபனம் கூறியது. கடன் பாரத்தையும் வரிப் பாரத்தையும் குறைப்போம் என்றும் அதுவே கூறியது. நிராகரிப்பவன் பதவி ஏற்கலாமா? பதவி ஏற்காதவன் பாரத்தைக் குறைப்பது எங்ஙனம்? 1936 ஏப்ரலில் லக்ஷ்மணபுரியிலும் டிசம்பரில் பெயிஸ்பூரிலும் கூடிய காங்கிரஸ் மகாசபைகள் இக்கேள்விக்கு முடிவு கூறாமல் ஒத்திவைத்தன. ஆக, வோட்டர்கள் விடை தெரியாமலே தங்கள் சீட்டுக்களைப் போட்டார்கள். தேர்தல் யுக்தி என்ற அளவில் அது பலித்தது. ஜனநாயக தர்மம் என்ற அளவில் அது குறையே.

விசேஷ அதிகாரங்களைப் பிரயோகிப்பதில்லை என்று கவர்னர்கள் உறுதி கூறவேண்டுமென்ற நிபந்தனையின்மேல் காங்கிரஸ் முதலில் பதவியை மறுத்தது. பெரும்பான்மையற்ற இடைக்கால மந்திரி சபையொன்றை 1937 ஏப்ரல் முதல் தேதி ஸர் கே. வி. ரெட்டி நாயுடு அமைத்தார். ஜூன் மாதம் வைஸ்ராய் லின்லித்கோ வெளியிட்ட அறிக்கைக்குப் பின், ஜூலையில் ராஜாஜி மந்திரி சபை பதவியேற்றது. அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. ஜமீன் நிலங்களைப் பற்றி ஸ்ரீ பிரகாசம் தலைமையில் கமிட்டி விசாரித்தது. ஆனால் ஜமீன் முறையை மாற்றுவதற்குள், யுத்தப் பிரச்னையை முன்னிட்டு 1939 அக்டோபரில் மந்திரி சபை ராஜிநாமா செய்துவிட்டது.

இதே மந்திரி சபைதான் 1938-ல் பள்ளிக்கூடங்களில் ஹிந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பியது. சிறைக்கு அஞ்சாமல் சுயராஜ்யம் கேட்டவர்கள் பிறரைச் சிறையிலிடும் நிலைமைக்கு வந்தது விசனிக்கத் தக்கது. அக்கட்டாயம் 1940-ல் கவர்னர் ஆட்சியில் நீக்கப்பட்டது. 159 ஸ்தானம் என்பது, சொல்லி வாங்கிய காரியத்தைச் செய்வதற்கு அதிகாரம். சொல்லாத காரியத்துக்கு அது வெற்றுப் பத்திரத்தில் வாங்கிய கையெழுத்தல்ல.

இப்பொழுது நூற்றுக்கு எண்பத்தைந்து பேரிடம் திரும்புவோம். அவர்களிடம் எவரும் ஓட்டுக் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்க அவர்களிடம் ஓட்டு இல்லை. 1951-52-ம் வருஷத்துப் பொதுத் தேர்தலில்தான் வயது வந்தோர் அனைவரும் பெட்டிக்கு முன்னால் வந்தார்கள். இன்று பதினெட்டு வயது நிரம்பியவர் யாவருக்கும் அவ்வுரிமை உண்டு. ஆனால் கேட்கப்படாதவர்கள் இன்றும் இல்லையா? ஜாபிதாவில் பெயர் விடுபட்டவன், பிழைப்புக்காக வேற்றூர் போய் ஓட்டளிக்க வரமுடியாதவன், ‘அவன் ஓட்டு நமக்கு விழாது’ என்று ஊழியர்கள் தாண்டிச் செல்லும் தெருவில் இருப்பவன் — இவர்களே இன்றைய எண்பத்தைந்து பேர்.

ஆதலால் தேர்தல் வேலையில் இறங்கும் ஊழியர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. கொடி கட்டுமுன் ஜாபிதாவைப் பாருங்கள். அபேட்சகரைத் தெரிந்தெடுக்குமுன் அவர் விட்டுக்கொடுக்கத் தெரிந்தவரா என்று பாருங்கள். ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு ஓட்டுக் கேட்கும்போதே விடை கூறுங்கள். உங்களுக்கு ஓட்டளிக்காதவன் வாசலையும் மிதியுங்கள். பெட்டியின் வர்ணம் கால வேகத்தில் மங்கிப்போகும். கொடுத்த வாக்கு மங்குவதில்லை.