சட்டி மேளம் முன்வரிசைக்கு வந்தது

கும்மிடிப்பூண்டி போகும் காலை மின்சார ரயிலில் சிப்காட் தொழிற்பேட்டை ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. மீஞ்சூர் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஒருநாள் என் எதிரே இரண்டு பையன்கள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் விரல் டிபன் டப்பா மூடியில் தட்டிக்கொண்டே இருந்தது. சுத்தமான கானா தாளம். என்ன பாட்டு என்று கேட்டேன். “கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ண்ணா” என்றான்.

‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் ஆல்பமான ‘மகிழ்ச்சி’ 2018-ல் வெளிவந்தது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பெயருக்கு வேர் பண்டிதர் அயோத்திதாசர். நூறு வருடங்களுக்கும் முன்பே ‘சாதிபேதமற்ற’ மக்கள் என்று அவர் எழுதிய சொல்தான் கிட்டாரோடு மேடையேறியது.

ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். இரஞ்சித்துக்கு ஆவடி பக்கத்துக் கரலப்பாக்கம், திருவள்ளூர் மாவட்டம். ராப் பாடும் அறிவுக்கு அரக்கோணம். கானா பாடும் இசைவாணிக்கு ராயபுரம். எல்லாம் மின்சார ரயில் போகும் பக்கத்து ஊர்கள்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. பத்தொன்பது பேர், எல்லோரும் கோட் சூட்டில். அம்பேத்கரை நினைக்காமல் அந்த உடையைப் பார்க்க முடியாது. டிரம்ஸ், கிட்டாருக்குப் பக்கத்திலேயே சட்டி, கட்ட மோளம், பறை. வடசென்னையில் சட்டிச் சத்தம் கேட்டால் தெருவில் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாவை ஊர் காதால் கேட்டது, சபையில் உட்காரவைக்கவில்லை. சினிமா எடுத்துக்கொண்டது உண்மைதான். இசையமைப்பாளர் தேவாவின் பாட்டுகளுக்கு ஆடாத கல்யாண வீடு ஏது? இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’யில் 2012-லேயே கானா பாலா பாடினார். ஆனாலும் படத்தில் கானா, கதைக்கு நடுவே வந்து போகும் ஒரு பாட்டுதான். இந்தக் குழுவில் பேசுவதே கானாதான். ராக்கும் ராப்பும் அதற்குத் தோள் கொடுக்கின்றன. பாட்டுப் பொருளும் அப்படியே: இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, வடசென்னை வாழ்க்கை, ஜெய்பீம்.

குறை ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பது பேர் நேரில் எழுப்புகிற அனல் ஒலிப்பதிவில் முழுதாக இறங்கவில்லை. மேடையில் சட்டி நெஞ்சில் இடிக்கும். இயர்போனில் அது காதோடு நின்றுவிடுகிறது. இருந்தும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது, பாடுகிற குரல் தன் ஊர்ப் பேச்சை எங்கும் மாற்றிக்கொள்ளவில்லை என்பதற்காக. மெட்ராஸ் பாஷையைச் சிரிக்கவைக்கும் பாஷையாகவே திரையில் பார்த்து வளர்ந்தவன் நான். அதே பாஷையில் உரிமை கேட்டதும் உடம்பு சிலிர்த்தது.

பிறகு 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார். 2021-ல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டு அறிவை உலகமெங்கும் கொண்டுபோனது.

அந்தப் பையன்கள் இறங்கும்போது, “நேர்ல பாத்திருக்கியா?” என்று கேட்டேன். “இல்லண்ணா, நம்ம பக்கம் எங்க வராங்க” என்றான் டப்பா தட்டியவன். சிப்காட் வாசலில், இரண்டாவது ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு, ஒரு கச்சேரி வைக்க வேண்டும்.