இயர்போனின் ஒலியை நீங்களே மாற்றலாம்

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கும்போது சிலருக்கு டிரம்ஸ் அதிர வேண்டும். சிலருக்கு வயலினும் ஜால்ராவும் துல்லியமாகக் கேட்க வேண்டும். இதற்கு நாம் வழக்கமாகப் பயன்படுத்துவது ஈக்வலைசர். வி.எல்.சி. பிளேயரில் கண்ட்ரோல் + இ கீகளை அழுத்தினால் இது கிடைக்கும். ஆனால் அங்கு செய்திடும் மாற்றம் அந்த பிளேயரில் மட்டுமே செயல்படும். அதே இயர்போனை மொபைல் போனில் செருகினால் பழைய ஒலிதான்.

ஒலியை மாற்றும் வசதி இயர்போனிலேயே இருந்தால்? ஆஸ்திரியாவின் ஏ.கே.ஜி. நிறுவனம் 2011ல் வெளியிட்ட கே3003, ஸ்காட்லாந்தின் ஆர்.எச்.ஏ. நிறுவனம் 2014ல் வெளியிட்ட டி10ஐ ஆகிய இயர்போன்களில் இந்த வசதி தரப்பட்டது. இரண்டிலும் பேஸ், டிரெபிள், இயல்பான ஒலி என மூன்று ஜோடி பில்டர்கள் உண்டு. இயர்போனின் முனையில் உள்ள ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, சிறிய உலோக பில்டரைத் திருகி மாற்ற வேண்டும்.

எப்படிச் செயல்படுகிறது?

பில்டர் எந்த ஒலியையும் கூட்டுவதில்லை. குறைக்க மட்டுமே செய்கிறது. அதனுள் நெருக்கமான வலை இருந்தால் கீச்சென்ற உயர் ஒலிகள் தடைபடும். தாழ்ந்த ஒலிகள் அதிகம் தடைபடாது. எனவே பேஸ் கூடியதுபோல் நமக்குத் தோன்றுகிறது. வலை இல்லாவிட்டால் உயர் ஒலிகள் தடையின்றி வரும்.

கவனிக்க வேண்டியவை

* பில்டர்கள் மிகச் சிறியவை. ஒரு தட்டின் மேல் வைத்து மாற்றுங்கள். இரு பக்கமும் ஒரே வகையைப் பொருத்துங்கள். அழுத்தித் திருக வேண்டாம்.

* பேஸ் பில்டர் போட்டதும் ஒலி மங்கியதுபோல் தெரியும். உடனே வால்யூமை உயர்த்தாதீர்கள். வாரத்திற்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது கேட்கும் திறன் இதனால் போனால் திரும்ப வராது.

* செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. ரப்பர் மூடி காதில் சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருந்தால் பேஸ் வெளியேறிவிடும். இயர்போனுடன் தரப்பட்ட மற்ற அளவு மூடிகளைப் போட்டுப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும். புதிய இயர்போன் வாங்கும் செலவு மிச்சம்!