கடற்பவளமும் கண்ணாடித் தொட்டியும்

பவளம் என்றதும் பெண்டிர் கழுத்தில் அணியும் சிவந்த மணியே பலர் நினைவுக்கு வரும். நவமணிகளுள் ஒன்றாகிய அது மத்தியதரைக் கடல் முதலிய இடங்களில் கிடைப்பது. வெப்பமண்டலக் கடலோரங்களில் பாறையாக எழும் பவளமோ அதற்கு உறவுடைய வேறோர் இனம். தியோமான், ரெடாங் தீவுகளைச் சூழ்ந்தும், சிங்கப்பூரின் தென்தீவுகளை அடுத்தும் காணப்படுவது இதுவே. இக்காலத்தில் இதனை வீட்டுத் தொட்டிகளிலும் வளர்க்கின்றனர். இவ்விரு வாழ்க்கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கடல் ஓசையின்றிச் செய்துவரும் பணிகள் எத்தனை என்பது விளங்கும்.

செடியா, கல்லா?

கிளைவிட்டு நிற்பதால் செடி எனவும், கடினமாயிருப்பதால் கல் எனவும் பவளத்தை எண்ணத் தோன்றும். உண்மையில் அது ஒரு விலங்கு. சிறு பை போன்ற உடல், அதன் மேற்புறத்தில் ஒரு வாய், வாயைச் சுற்றிச் சில உணர்விரல்கள். இவ்வளவே அதன் உறுப்புகள். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்து, அடியில் ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு அதில் அமர்ந்திருக்கும். அவ்வுயிர் அரும்பு விட்டுப் பலவாகப் பெருகும். ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் ஒன்று சேர்ந்து பாறையாகும். உருண்டை வடிவப் பவளங்கள் ஆண்டிற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளர்வன. கிளைப் பவளங்கள் இதனினும் விரைந்து வளரும்.

பவளத்தின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்திற்கு அளிக்கின்றன. பவளத்தின் கழிவு அப்பாசிகளுக்கு எருவாகிறது. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒருவரையொருவர் உண்பிக்கும் விந்தையான குடித்தனம் இது! பவளம் ஒளிபுகும் தெளிந்த நீரை நாடுவது இக்குடியிருப்போரின் பொருட்டே.

தொட்டியின் தேவைகள்

1961ஆம் ஆண்டில் ஜாகர்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகளைத் தொட்டியிலிட்டு, காற்றுக்குமிழ் மட்டும் செலுத்திப் பவளங்களை வாழவைத்த முறையை வெளியிட்டார். அப்பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே அங்குத் துப்புரவுத் தொழிலாளர். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா என்னும் நஞ்சை அவை படிப்படியாக மாற்றித் தீங்கைக் குறைக்கின்றன.

இன்றைய தொட்டியில் கருவிகள் பல. சூரியனுக்கு ஈடாக மின்விளக்கு; அலைக்கு ஈடாக நீரோட்டப் பம்பு; அழுக்கை நுரையாக்கி வெளியேற்ற ஒரு கருவி. உப்பு, ஒரு கிலோகிராம் நீருக்கு 35 கிராம் அளவில் இருத்தல் வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கி விடுவதால், குறைந்த அளவிற்கு நன்னீர் ஊற்றிவர வேண்டும். பவளம் வளர வளர நீரிலுள்ள சுண்ணம் குறையும். அதையும் ஈடுசெய்ய வேண்டும். நம் நாட்டு வெயிலுடன் விளக்கின் சூடும் பம்பின் சூடும் சேர்வதால், குளிரூட்டும் கருவியும் தேவைப்படும். ஒரு மீன் கவனிப்பாரின்றி இறந்து அழுகினாலும், ஓர் இரவு மின்சாரம் நின்றாலும், ஆண்டுக்கணக்கில் வளர்த்தவை மடியலாம். பெருங்கடலில் இச்சிறு இடையூறுகள் கரைந்துபோம். 200 லிட்டர் தொட்டியில் கரைய இடமில்லை.

தொட்டியில் அடங்காதவை

பவளத்தைத் தொட்டியில் வளர்க்கலாம்; பவளப் பாறை என்னும் ஊரைத் தொட்டியில் அடைக்க முடியாது. கடலடிப் பரப்பில் 100இல் ஒரு பங்கும் இல்லாத இப்பாறைகளில், கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால்பங்கு வாழ்கின்றன. கிளிமீன் பாறையைக் கொறித்து மணலாக்குகிறது. கடல் முள்ளெலி பாசியை மேய்ந்து, இளம்பவளம் ஊன்ற இடம் செய்கிறது. பாறையோ அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கிறது.

இனப்பெருக்கத்திலும் பெரிய வேறுபாடு உண்டு. கடலில் பல்வகைப் பவளங்கள் ஆண்டிற்கொரு முறை, முழுநிலவை அடுத்த சில இரவுகளில், ஒருங்கே கருக்களை வெளியிடுகின்றன. சிங்கப்பூர்க் கடலில் இது ஏப்ரல் மாதத்தையொட்டி நிகழும். தொட்டியில் பவளத்தைப் பெருக்கும் வழக்கமான முறை, கிளையை வெட்டிப் பதியன் வைப்பதாகும். வெட்டிய துண்டு தாயின் அச்சே. கடலில் பிறக்கும் பவளமோ ஒன்றுபோல் ஒன்றிராது; அவற்றுள் சில வெப்பத்தைத் தாங்கும் திறனுடன் பிறக்கலாம். 2013இல் இலண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தார், நிலவொளியையும் பருவ மாற்றத்தையும் கருவிகளால் போலச்செய்து, தொட்டியிலேயே பவளங்களைக் கருவெளியிடச் செய்தனர். வீட்டுத் தொட்டிக்கு அது எளிதில் கைகூடுவதன்று.

வாங்குவோர் கடமை

பாறை கட்டும் பவளங்களின் வாணிபம் பன்னாட்டு உடன்படிக்கைக்கு உட்பட்டது. உரிமச் சீட்டின்றி ஏற்றுமதி செய்தல் குற்றம். கடலிற் பெயர்த்த பவளம் வந்த இடத்தில் ஒரு வெற்றிடத்தை விட்டு வருகிறது. பண்ணையில் வளர்த்த துண்டு அவ்வாறன்று. ஆதலின், தொட்டி வைப்போர் விலையை வினவுமுன் பிறப்பிடத்தை வினவுதல் நன்று.

கடல் சூடேறினால்?

கோடைக்கால உச்ச வெப்பத்தினும் 1 பாகை செல்சியஸ் மிகுந்து சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். வெப்பம் தணிந்தால் மீளலாம். தணியாவிடில் பட்டினியால் மடியும். 1998இலும் 2010இலும் இவ்வெளுப்பு உலகெங்கும் பரவிற்று. 2010இல் தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மலேசியா மூடிவைக்க நேர்ந்தது. உலகளாவிய நான்காவது வெளுப்பு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. உலக வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையினும் 2 பாகை உயர்ந்தால், பவளப் பாறைகளில் 100க்கு 99க்கு மேல் அழியக்கூடும் எனப் பருவநிலை பற்றிய பன்னாட்டு அறிஞர் குழு 2018இல் எச்சரித்தது.

கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் தன் பவளப் பாறைகளில் பாதிக்கு மேல் இழந்த சிங்கப்பூர், 1 இலட்சம் பவளங்களை நடும் திட்டத்தை 2024 டிசம்பரில் தொடங்கிற்று. சிறு துண்டுகளைத் தொட்டியில் வளர்த்துக் கடலில் நடுவது அதன் முறை. தொட்டி இங்கு நாற்றங்காலாகிறது. ஆயினும், நாற்று எவ்வளவு செழித்தாலும் அதை நடுவதற்கு வயல் வேண்டும். தொட்டி சூடேறினால் குளிரூட்டும் கருவியை முடுக்கிவிடலாம். கடலுக்கு அத்தகைய கருவி இல்லை. அதைச் சூடேறாமல் காப்பதொன்றே வழி.