திரை சொல்லும் சாட்சி

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் மொழி. திரைப்படமோ கண்ணையும் காதையும் ஒருங்கே கவர்வது. ஆகவே, திரைப்படத்தைப் பற்றிக் கட்டுரை எழுத முற்படும் மாணவி இருமடங்கு விசாரிக்கக் கடமைப்பட்டவள். "படம் உருக்கமாக இருந்தது, கண்ணீர் வந்தது" என்று எழுதுவது ரசனை. கண்ணீர் எதனால் வந்தது, அது உண்மைக்காக வந்ததுதானா என்று கேட்டு எழுதுவதே ஆய்வு.

இதனை விளக்க ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். டென்மார்க் நாட்டு இயக்குநர் கார்ல் டிரையர் பிரான்சு நாட்டில் உருவாக்கி, 1928-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' என்னும் ஊமைப் படம் அது. பிரெஞ்சு நாட்டுக் குடியானவரின் மகளாகிய ஜோன், ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டார். ரூவான் நகரில், ஆயர் பியேர் கோஷோன் தலைமையில் விசாரிக்கப்பட்டு, 1431 மே 30-ஆம் நாள் உயிரோடு எரிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 19. திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1920-ல் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

படத்தின் முதற் காட்சியே நம் கவனத்துக்குரியது. அவ்விசாரணையின் பழைய பதிவேட்டை ஒரு கை புரட்டுகிறது. "நான் சொல்லப்போவது கற்பனையன்று, ஏட்டில் உள்ளது" என்று படம் நமக்கு உறுதி கூறுகிறது. வினாவும் விடையும் பெரும்பாலும் அவ்வேட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை என்பதும் மெய்யே. நீ கடவுளின் அருள்நிலையில் இருக்கிறாயா என்று நீதிபதிகள் கேட்கின்றனர். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். இல்லையெனில் கடவுள் தம்மை அந்நிலையில் வைப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக என்று எழுத்தறியாத அப்பெண் மறுமொழி சொல்கிறார். இது ஏட்டில் உள்ளதே.

ஆனால் ஏட்டிலுள்ள சொற்களைத் திரைக்குக் கொண்டுவரும்போது இயக்குநர் பலவற்றைத் தெரிவு செய்கிறார். அவற்றுள் நான்கைக் காண்போம்.

முதலாவது, அண்மைக் காட்சி. படம் நெடுக முகங்களே திரையை நிறைக்கின்றன. ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டிக்கு ஒப்பனை கிடையாது. தோலின் சுருக்கமும் உதட்டின் வெடிப்பும் தெரிவதால், நடிப்பு என்பதையே நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் 19 வயதுப் பெண்ணாகத் தோன்றும் அவருக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஒப்பனையின்மையும் நம்மை நம்ப வைக்கும் ஓர் உத்தியே.

இரண்டாவது, கேமராவின் கோணம். நீதிபதிகள் பலரைக் கீழிருந்து மேல்நோக்கிப் படம் பிடித்திருக்கிறார்கள். இதற்காகத் தரையில் குழி தோண்டிக் கேமராவை இறக்கினார்கள். அவ்வாறு பார்க்கும்போது எளிய மனிதரும் அச்சுறுத்தும் உருவாகிறார். அவர் குற்றவாளி என்று எந்த வசனமும் சொல்லவில்லை, கோணம் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, காலச் சுருக்கம். பொது விசாரணை 1431 பிப்ரவரி 21-ல் தொடங்கி, மரணம் வரை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. படத்திலோ எல்லாம் ஒரே நாளில் நடப்பதுபோல் தோன்றுகிறது. நம் ஆண்டவருடைய பாடுகளின் ஒரு நாளை நினைவூட்டுவதே இதன் நோக்கம் எனலாம். இதனால் உணர்ச்சி கூர்மையாகிறது. நாள்கணக்காகச் சிறையில் வாடி, மீண்டும் மீண்டும் வினவப்பட்ட களைப்போ மறைந்துவிடுகிறது.

நான்காவது, நிறம். இப்படத்துக்கென எழுப்பிய கோட்டைச் சுவர்களுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது சாம்பல் நிறமாகி, வெளிறிய வானத்திலிருந்து பிரிந்து தெரியும். நாம் காணும் நிறமே நமக்காக ஆக்கப்பட்டது!

அப்படியானால் படம் பொய்யா? அவசரப்பட வேண்டாம். படத்தைச் சரிபார்க்க ஏட்டை நாடினோம். அந்த ஏட்டை எதைக்கொண்டு சரிபார்ப்பது?

மரணத்துக்குச் சில நாள்களுக்கு முன், ஜோன் தம் தவறுகளைக் கைவிடுவதாக ஒரு தாளில் அடையாளமிட்டார். அவருக்கு வாசித்துக் காட்டிய தாளில் ஏழெட்டு வரிகளே இருந்தன என்று, அருகில் நின்றவர்கள் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். விசாரணை ஏட்டில் இடம்பெற்றதோ அதைப்போல் பல மடங்கு நீண்டது. முத்திரையிட்ட ஆவணமும் உண்மையை மறைக்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இந்த உண்மை வெளிவந்தது எவ்வாறு? மகளை இழந்த தாய் இசபெல் 1455-ல் பாரிஸ் நகரின் நோத்ருதாம் பேராலயத்தில் நின்று நீதி கேட்டார். நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளைத் திருச்சபை மீண்டும் விசாரித்தது. 1456 ஜூலை 7-ஆம் நாள், முந்தைய தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. தீர விசாரித்ததால் மெய் நிலைபெற்றது. உயிர் மட்டும் மீளவில்லை.

ஆகவே மாணவியரே, படமும் சாட்சி, ஏடும் சாட்சி. சாட்சியை நம்புமுன் விசாரிக்க வேண்டும். கட்டுரை எழுதுகையில் மூன்று வினாக்களைக் கைக்கொள்ளுங்கள். திரையில் நான் கண்டது என்ன? எந்த உத்தி அதை அவ்வாறு காட்டியது? அதனால் உண்மையில் எது தெளிவாயிற்று, எது விடுபட்டது?

"நீதிபதிகள் கொடியவர்களாகக் காட்டப்படுகின்றனர்" என்று எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது. "கேமரா கீழிருந்து நோக்குவதால் நீதிபதிகள் நம்மை மிரட்டுவதுபோல் தோன்றுகின்றனர். இதனால் ஜோனின் அச்சத்தை நாமும் உணர்கிறோம். ஆனால் அவர்களுள் தயங்கியவர் யார், துணிந்தவர் யார் என்று எண்ணிப்பார்க்க நமக்கு இடம் குறைகிறது" என்று எழுதிப்பாருங்கள். கண்டது, உத்தி, விளைவு மூன்றும் அதில் அடங்கிவிடும்.

எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். பிரான்சில் பாரிஸ் பேராயரின் ஆட்சேபத்தாலும் அரசுத் தணிக்கையாலும் இப்படத்தின் சில பகுதிகள் வெட்டப்பட்டன. மூல நெகடிவ் தீயில் அழிந்தது. வெட்டப்படாத ஒரு பிரதி 1981-ல் நார்வே நாட்டில் ஆஸ்லோவுக்கு அருகிலுள்ள ஒரு மனநல மருத்துவமனையில் கிடைத்தது. இசையும் அவ்வாறே. இதற்கு உரிய இசை இதுதான் என்று டிரையர் எதையும் நிலைநாட்டிச் செல்லவில்லை. உங்கள் கண்ணீர் பிற்காலத்தவர் சேர்த்த வயலினால் வந்ததாகவும் இருக்கலாம்!

1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஆணையேடு வெளியிட்டது. அவற்றை ஆக்குவோருக்கு மட்டுமன்றி, ஏற்போருக்கும் கடமை உண்டு என்று அது வலியுறுத்துகிறது. இன்று படங்கள் கைபேசியிலேயே வந்து சேர்கின்றன. யாரோ ஒருவரைக் குற்றவாளி என்று காட்டும் துண்டுப் படத்தை நொடியில் நம்பி, மறுநொடியில் பிறருக்கு அனுப்பிவிடுகிறோம். ரூவான் நகரில் தீர்ப்பை மாற்ற 25 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஜோனின் சாம்பல் சேன் ஆற்றில் கரைந்து போயிருந்தது. அனுப்புமுன் ஒரு கணம் விசாரிப்பது உயிரோடிருக்கும் ஒருவருக்கு நாம் செய்யும் நீதியாகும்.