ஒரே தகட்டில் பல வர்ணம்

அவிநாசிப் பக்கத்தில் பனியன் துணிக்குச் சித்திரம் அச்சிடும் பட்டறைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். துணிமேல் ஒரு கிளி உட்கார வேண்டுமானால், பச்சை உடலுக்கு ஒரு ஸ்கிரீன், சிவப்பு மூக்குக்கு ஒரு ஸ்கிரீன், கறுப்புக் கண்ணுக்கு இன்னொரு ஸ்கிரீன் வேண்டும். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, இம்மியும் பிசகாமல் அதே இடத்தில் பொருத்தியாக வேண்டும். கொஞ்சம் நகர்ந்துவிட்டால் மூக்கு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம்!

நம் பாட்டனார் வீட்டுக் கூடத்தில் தொங்கிய ரவிவர்மா லக்ஷ்மி, ஸரஸ்வதி படங்களும் இந்த விதிக்கு உட்பட்டவையே. வர்ணத்துக்கு ஒரு கல்லாக வரைந்து அச்சிட்டவை அவை.

இந்த விதியை உடைத்தவர்களில் முக்கியமானவர் நம் பக்கத்து மனிதர். சித்தூர் ஜில்லாவில் 1925-ல் பிறந்த கிருஷ்ண ரெட்டி, சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸிடம் பயின்றவர். 1947-ல் சென்னைக்கு வந்து கலாக்ஷேத்திரத்தின் சித்திரப் பகுதிக்குத் தலைமை வகித்தார். பிறகு லண்டன் சென்று ஹென்றி மூரிடம் சிற்பம் கற்றார். அங்கிருந்து பாரிஸ். அங்கே ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் என்ற ஆங்கிலேயர் நடத்திய 'அத்தலியே 17' என்னும் பட்டறையில்தான் அந்தப் பரீட்சைகள் நடந்தன. பம்பாய்க்காரரான கைகோ மோட்டியும் உடனிருந்தார்.

எட்சிங் என்பது பழைய வித்தை. துத்தநாகம் அல்லது செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தில் அமிழ்த்துவார்கள். கீறிய இடத்தைத் திராவகம் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளை யந்திரத்தில் அழுத்தினால் சித்திரம் காகிதத்துக்கு ஏறிவிடும்.

கிருஷ்ண ரெட்டியோ சிற்பி. அவர் கண்ணுக்குத் தகடு வெறும் சமதளமாகத் தோன்றவில்லை. மலையும் சரிவும் பள்ளத்தாக்குமாகத் தோன்றியது. ஆகவே ஆழங்கள் பலவாகும்படி அதைக் குடைந்தார், செதுக்கினார். அப்புறந்தான் வேடிக்கை.

பட்சணம் செய்யும் பெண்மணிகளுக்கு இதை விளக்குவது சுலபம். சர்க்கரைப் பாகில் இளம்பாகு, கம்பிப் பாகு என்று பதம் உண்டல்லவா? மைக்கும் அப்படியே பதம் உண்டு. ஆளிவிதை எண்ணெய் கூடினால் இளகும், குறைந்தால் இறுகும். முதலில் இளகிய மையைக் கடினமான ரப்பர் உருளையால் தகட்டின்மேல் ஓட்ட வேண்டும். கடினமான உருளை வளையாது. மேடுகளை மட்டுமே தொடும். அடுத்து, கெட்டியான வேறொரு வர்ண மையை மிருதுவான உருளையால் ஓட்ட வேண்டும். மிருதுவானது அமுங்கிப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மேட்டைக் கடக்கும்போது, அங்கே இருக்கும் எண்ணெய்ப்பசை மிகுந்த மை இந்தக் கெட்டி மையை ஏற்றுக்கொள்வதில்லை. ஒன்றோடொன்று கலவாமல் சிவப்பு மேட்டிலும் நீலம் பள்ளத்திலும் தங்கிவிடுகின்றன. பிறகு ஒரே தகடு, ஒரே அழுத்தம். எல்லா வர்ணமும் ஒருங்கே காகிதத்தில்!

சொல்வதற்கு எளிது. எண்ணெய் சில சொட்டு மிகுந்தால் எல்லாம் சேறு. ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டைத் துடைத்து, முதலிலிருந்து மையேற்ற வேண்டும். ஆனால் அதிலேயே ஒரு லாபமும் உண்டு. மையை மாற்றினால் படமே மாறிவிடும். 'மகா கோமாளி' என்ற ஒரு தகட்டிலிருந்து ரெட்டி விதவிதமான வர்ணங்களில் பிரதிகள் எடுத்தார். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. 1972-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர், நியூயார்க்கில் நெடுங்காலம் மாணவர்களுக்கு இவ்வித்தையைக் கற்பித்து, 2018-ல் அங்கேயே காலமானார்.

பனியனுக்கு இது ஒத்துவருமா என்று பட்டறைக்காரர் கேட்கக்கூடும். ஒத்துவராது. ஆயிரக்கணக்கில் ஆர்டர் காத்திருக்கும் இடத்தில் இந்தப் பொறுமைக்கு ஏது நேரம்? ஆனால் சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித கலா அகாதெமியின் மையத்தில் அச்சுச் சித்திரத்துக்கென்றே பட்டறை உண்டு. அவிநாசியில் சாயம் கலக்கிப் பழகிய பையன் ஒருவன் அங்கே போய் நின்றால், எந்த மை எதன்மேல் ஒட்டாது என்பதைப் படித்தவர்களைவிடச் சீக்கிரமாகவே கண்டுகொள்வான் என்பது என் அபிப்பிராயம்.