விடை தெரிந்தவர்கள்

ஓர் ஊடக மோசடி அம்பலமாகும்போது மக்கள் மன்றத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வழக்குகள் நடக்கின்றன. நடந்தது தவறா என்பது ஒன்று. இதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு வருவதில்லை. செய்தவர் வேறு மாதிரி நடந்திருக்க முடியுமா என்பது மற்றொன்று. சண்டை சச்சரவெல்லாம் இதில்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியை 1950களின் இறுதியில் உலுக்கிய வினாடி வினா மோசடியில் இந்த இரண்டாவது வழக்கு நாடறிய நடந்தது.

1955 ஜூனில் சிபிஎஸ் தொலைக்காட்சி '64,000 டாலர் கேள்வி' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது பெற்ற வரவேற்பைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் களமிறங்கின. 1956 செப்டம்பரில் என்பிசியில் 'ட்வென்டி ஒன்' வந்தது. டான் என்ரைட் தயாரிப்பாளர், ஜாக் பாரி தொகுப்பாளர், ஜெரிட்டால் டானிக் விற்ற மருந்து நிறுவனம் விளம்பரதாரர். இரண்டு போட்டியாளர்கள் ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டில் நிற்பார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. முதலில் 21 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. தொடக்க நிகழ்ச்சி நேர்மையாகவே நடந்தது. போட்டியாளர்கள் கேள்விக்குக் கேள்வி திணறியதால் அது சப்பென்று போயிற்று. இனி இப்படி நடக்கக்கூடாது என்று விளம்பரதாரர் மறுநாளே கொதித்ததாக என்ரைட் பின்னாளில் சொன்னார். அதன் பிறகு மேடையேறியது வினாடி வினா அல்ல, ஒத்திகை பார்த்த நாடகம்.

நாடகத்தின் முதல் நாயகன் ஹெர்பர்ட் ஸ்டெம்பல். ராணுவத்தில் பணியாற்றிவிட்டு நியூயார்க் சிட்டி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். அசாத்திய நினைவாற்றல் அவருக்கு இயல்பிலேயே இருந்தது. இருந்தும் என்ரைட் அவரை அப்படியே விடவில்லை. ஒட்ட வெட்டிய தலைமுடி, அளவு பொருந்தாத பழைய கோட்டு, டிக் டிக் என்று சத்தம் போடும் மலிவான கைக்கடிகாரம் என்று ஓர் ஏழை மாணவர் வேடம் கட்டினார். நெற்றி வியர்வையை அழுத்தித் துடைக்கக்கூடாது, ஒற்றியெடுக்க வேண்டும் என்பது வரை பாடம் நடந்தது. கூண்டுக்குள் நன்றாக வியர்ப்பதற்காகக் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டது. தொகுப்பாளரை மற்றவர்கள் 'ஜாக்' என்று கூப்பிடலாம். ஸ்டெம்பல் மட்டும் 'மிஸ்டர் பாரி' என்றே சொல்ல வேண்டும். சில வாரங்களில் பார்வையாளர்களுக்கு அவர் சலித்துப்போனார். அவரை இறக்கிவிட்டு வேறொருவரை ஏற்ற வேண்டியிருந்தது.

அந்த வேறொருவர் சார்லஸ் வான் டோரன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த இளைஞர். தந்தை மார்க், பெரியப்பா கார்ல் இருவருமே புலிட்சர் பரிசு பெற்ற எழுத்தாளர்கள். 1956 டிசம்பர் 5 அன்று, 1955ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்குக் கிடைத்தது என்று ஸ்டெம்பலிடம் கேட்கப்பட்டது. விடை 'மார்ட்டி'. அவர் விரும்பிப் பார்த்த படம் அது. தவறாகச் சொல்லும்படி உத்தரவு, எனவே 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' என்றார். அன்றிரவு பட்டம் கைமாறியது. வான் டோரன் மொத்தம் 1,29,000 டாலர் வென்றார். 1957 பிப்ரவரியில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. என்பிசியின் 'டுடே' நிகழ்ச்சியில் வேலையும் கிடைத்தது.

ஸ்டெம்பல் உண்மையைச் செய்தியாளர்களிடம் சொன்னபோது, அவதூறு வழக்கு வரும் என்று பத்திரிகைகள் பின்வாங்கின. 1958 ஆகஸ்டில்தான் கதை மாறியது. 'டோட்டோ' என்ற வேறொரு நிகழ்ச்சியில், முறைக்காகக் காத்திருந்த ஒருவர் சக போட்டியாளரின் குறிப்பேட்டைப் புரட்டினார். உள்ளே விடைகள் இருந்தன. நியூயார்க்கில் பெருநடுவர் குழு விசாரணை தொடங்கியது. சாட்சி சொன்ன சுமார் 150 பேரில் 100 பேர் வரை பொய் சொன்னார்கள் என்பது மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் கணிப்பு. வான் டோரனும் அவர்களில் ஒருவர். 1959 நவம்பர் 2 அன்று நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு முன் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

அவருடைய வாக்குமூலம் பொறுப்பை ஏற்கிறது, கூடவே பங்கும் பிரிக்கிறது. பொழுதுபோக்குத் துறையில் இது சகஜம் என்று தயாரிப்பாளர் ஆல்பர்ட் ஃபிரீட்மன் சொன்னார். ஸ்டெம்பலை நேர்வழியில் வீழ்த்த முடியாது என்றார். நீங்கள் வென்றால் ஆசிரியர் தொழிலுக்கும் கல்விக்கும் பெருமை என்றார். இப்படித்தான் தாம் இணங்கியதாக வான் டோரன் விவரித்தார். தனியறையில் வைத்துச் சொல்லப்பட்ட இந்த மூன்று சமாதானங்களும் பிறகு பொதுமக்களின் வாயிலும் வந்தன. எல்லாரும் செய்வதுதானே, நல்ல நோக்கம்தானே, பெருநிறுவனத்தின் முன் தனிமனிதர் என்ன செய்ய முடியும் என்ற பேச்சு பரவியது. குழுவின் தலைவர் ஓரன் ஹாரிஸ் உட்பட உறுப்பினர்கள் பலர் அவருடைய நேர்மையைப் பாராட்டினார்கள். நியூயார்க் உறுப்பினர் ஸ்டீவன் டெரூனியன் மட்டும், இவ்வளவு அறிவுள்ள ஒருவர் உண்மை சொன்னதற்காகப் பாராட்டு எதற்கு என்று கேட்டார். கொலம்பியா அவருடைய பதவி விலகலை ஏற்றது. என்பிசி வேலைநீக்கம் செய்தது. மாணவர்களோ அவரைத் திரும்ப எடுக்கக் கோரினார்கள். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் மார்கென்தாவ் இந்தக் கனிவைக் கண்டித்து எழுதினார். உண்மையைத் தேடுவதே ஆசிரியரின் தொழில், அவர் பொய்யில் பங்கேற்றதைச் சாதாரணப் பிழையாகக் கருத முடியாது என்பது அவர் வாதம்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பதுதான் மாணவர்கள் கட்சியின் சாரம். அம்புக்குக் கால் கிடையாது, போட்டியாளருக்கு உண்டு என்பதை அது மறந்துவிட்டது. ஜேம்ஸ் ஸ்நாட்கிராஸ் என்ற ஓவியரும் அதே நிகழ்ச்சியில் அதே தயாரிப்பாளர்களிடம் விடைகளை வாங்கியவர்தான். ஆனால் நிகழ்ச்சிக்கு முன்பே கேள்விகளையும் விடைகளையும் எழுதிப் பதிவுத் தபாலில் தமக்கே அனுப்பிக்கொண்டு, உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். 1957 மே மாதம் ஒரு கவிதை வரியைச் சொல்லி எழுதியவர் யார் என்று கேட்டபோது, 'எமர்சன்' என்று தவறாகச் சொல்லித் தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் 'எமிலி டிக்கின்சன்' என்று சரியான விடையைச் சொல்லிவிட்டார். 1959 அக்டோபரில் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் பிரிக்கப்பட்ட அந்த உறைகள் மோசடிக்கு மறுக்க முடியாத சான்றாயின. அவரும் அப்பழுக்கற்றவர் அல்ல. பல வாரம் ஒத்துழைத்தவர்தான். ஆனால் கூண்டுக்குள் நின்றுகொண்டே மறுக்க முடியும் என்று அவர் ஒருவர் காட்டியபிறகு, வேறு வழியில்லை என்ற வாதத்தில் வலு இல்லை.

அப்படியிருக்க, சிலருக்குச் சூழ்நிலைக் கைதி என்ற சலுகையும் சிலருக்குப் பேராசைக்காரர் என்ற பெயரும் எப்படி வாய்த்தன? உளவியல் இதற்கு ஒரு பாதி விடை தருகிறது. 1977இல் லீ ராஸ், தெரசா அமபீலே, ஜூலியா ஸ்டைன்மெட்ஸ் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள்; அதுவும் வினாடி வினாவே. யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. கேட்பவர் தமக்குத் தெரிந்த துறையிலிருந்து கடினமான கேள்விகளைத் தயாரித்தார். எதிரே இருப்பவர் இயல்பாகவே தடுமாறினார். குலுக்கல் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அப்படியும், வேடிக்கை பார்த்தவர்கள் கேள்வி கேட்டவரே அறிவாளி என்று மதிப்பிட்டார்கள். நடத்தைக்கான காரணத்தைச் சூழ்நிலையில் தேடாமல் ஆளின் குணத்தில் தேடும் இந்தச் சாய்வை ராஸ் அடிப்படைக் காரணப் பிழை என்று அழைத்தார். கண்ணாடிக் கூண்டில் நின்ற வான் டோரனை நாடே மேதை என்று நம்பியதும் இதே கணக்கில்தான்.

மறுபாதி, பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி பி.எஃப். ஸ்ட்ராசன் 1962இல் பிரிட்டிஷ் அகாடமியில் ஆற்றிய 'சுதந்திரமும் மனக்கசப்பும்' என்ற உரையில், தன்விருப்பம் உண்டா இல்லையா என்ற பழைய கேள்வியை வேறு பக்கமாகத் திருப்பினார். உலகம் முழுக்க முன்தீர்மானிக்கப்பட்டதா என்று முடிவுகட்டிவிட்டு யாரும் யார்மீதும் கோபப்படுவதில்லை. கோபம், நன்றி, மன்னிப்பு ஆகியவை மனித உறவோடு ஒட்டிப் பிறந்தவை. ஒருவர் தெரியாமல் செய்திருந்தால், நிர்ப்பந்தத்துக்கு ஆளாகியிருந்தால், அல்லது குழந்தையாக இருந்தால் கோபம் தணிகிறது. இந்த மோசடியிலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பின்னாளில் ஆஸ்கர் வென்ற நடிகை பாட்டி டியூக், சிறுமியாக இருந்தபோது '64,000 டாலர் சேலஞ்ச்' நிகழ்ச்சியில் சொல்லிக்கொடுத்த விடைகளோடு கலந்துகொண்டார்; 1959இல் குழுவின் முன் அதை ஒப்புக்கொண்டார். அவரைக் குற்றவாளியாகப் பார்ப்பது பொருந்தாது. முப்பது வயதைத் தாண்டிய கல்லூரி ஆசிரியருக்கு அந்த விலக்கு கிடையாது. அவருக்கும் அதைத் தர முன்வந்தவர்களுக்கு வான் டோரன் மீதிருந்த பிரியத்தைத் தவிர வேறு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை. ஸ்டெம்பலுக்கு அந்தப் பிரியம் கிடைக்கவில்லை. முதலில் உண்மை சொன்னவர் அவர்தான். ஆனாலும் தோற்றவனின் வயிற்றெரிச்சல் என்று அவரைத் தள்ளிவைப்பது எளிதாக இருந்தது.

தண்டனை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏமாற்றியதைக் குற்றமாக்கும் கூட்டாட்சிச் சட்டம் அப்போது இல்லை. பெருநடுவர் குழுவிடம் பொய் சொன்னது மட்டுமே குற்றம். 1962இல் வான் டோரனும் வேறு சில போட்டியாளர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள்; தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. வான் டோரன் பிறகு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் பணிபுரிந்தார். பாரியும் என்ரைட்டும் 1970களில் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளுக்கே திரும்பினார்கள்.

மாற்றம் வந்தது சட்டத்தில். 1960இல் திருத்தப்பட்ட தகவல்தொடர்புச் சட்டம், அறிவுப் போட்டியில் ஒருவருக்கு ரகசிய உதவி தருவதைக் குற்றமாக்கியது. தெரிந்த விடையைச் சொல்லாமல் இருக்கும்படி போட்டியாளரைத் தூண்டுவதும் மிரட்டுவதும் அடுத்த குற்றம். ஸ்டெம்பலுக்கு நேர்ந்தது அதுதான். முடிவை முன்கூட்டியே திட்டமிடுவதும், தெரிந்தே அத்தகைய நிகழ்ச்சியைத் தயாரிப்பதும் ஒளிபரப்புவதும் அதில் அடங்கும். 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. விடையைப் பெற்றுக்கொண்டவரைக் காட்டிலும் கொடுத்தவரையே சட்டம் முதலில் குறிவைத்தது. போட்டியாளர் திட்டத்தில் பங்குதாரர் என்று நிறுவப்பட்டால் அவரும் தப்ப முடியாது.